ஓடைக்கு இந்தாண்ட ஒரு புளியங்கொட்டை

எங்கள் வீடு தனி வீடு. நகரத்தில் விளம்பரம் கொடுக்கிறார்களே, அந்த அர்த்தத்தில் அல்ல. ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் வீடுகள் எல்லாம் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்க, எங்களுடையது மட்டும் அந்தப் பக்கம், சாமைக் கொல்லையின் நடுவில் நின்றது. தாத்தா காலத்தில் ஒரு பலா மரத்துக்காகப் பங்காளிச் சண்டை வந்ததாம். கோபித்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போய் வீடு கட்டினார். பலா மரம் இடி விழுந்து கருகிப் போனது, தாத்தாவும் போய்ச் சேர்ந்தார். அவருடைய கோபம் மட்டும் கூரை போட்டுக்கொண்டு எங்களுக்குக் குடியிருக்க மிச்சம் இருந்தது.

அந்த ஓடைதான் இரண்டு மாவட்டங்களுக்கும் எல்லை. அந்த மாவட்டத்து அதிகாரிகளுக்கு நாங்கள் மலைக்கு மேலே, இந்த மாவட்டத்து அதிகாரிகளுக்கு ஓடைக்கு அப்பாலே. ரேஷன் கார்டு மட்டும் இந்தப் பக்கத்து ஊரில் இருந்தது. அப்பா வருடத்தில் பாதி நாள் குடகுப் பக்கம் காபி பறிக்கப் போய்விடுவார். மிச்சம் நானும் அம்மாவும்தான். பள்ளிக்கூடம் விட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கும்பலாக வீட்டுக்குப் போவார்கள். நான் மட்டும் ஓடையில் இறங்குவேன். முதுகுக்குப் பின்னால் அவர்கள் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. எனக்கு அது தாங்க முடியாத துக்கமாக இருந்தது.

மழைக்காலத்தில் அந்தச் சிரிப்பும் கிடையாது. ஓடையில் வெள்ளம் இறங்கினால் வாரக்கணக்கில் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். "ஒரு சின்னப் பாலம் இருந்தா நீ பாட்டுக்குப் போய்ட்டு வருவ" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். தான் படிக்காததை நான் படித்துவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, மலைக்கு வளர்ச்சித் திட்டம் போட அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. ஊர்க்காரர்களே சேர்ந்து ஊர்ப் படம் வரைய வேண்டுமாம். படத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் ரோடு, குழாய், பாலம் எல்லாம். அம்மா போயே தீருவது என்று இருந்தாள். ஆனால் கொல்லையில் சாமைக் கதிர் முற்றியிருந்தது. அரை நாள் ஆள் இல்லாவிட்டால் குருவிகள் துடைத்துவிடும். காவலுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"நீ போயி படத்துல நம்ம வூட்ட வச்சிட்டு வாடி. ஓடைய நல்லா அகலமாப் போடு. பாலம் வோணும்னு கேளு" என்று தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே சொல்லி அனுப்பினாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் ஊரே கூடியிருந்தது. நடுவில் கலர் கோலமாவுப் பொட்டலங்கள். கோலமாவைத் தொட ஆண்களுக்கு வெட்கம். ஆண்கள் முன்னால் குந்தி வரையப் பெண்களுக்குக் கூச்சம். கடைசியில் வேலை பிள்ளைகள் தலையில் விழுந்தது. காட்டுக்கு வேப்பிலை, ரோட்டுக்கு மஞ்சள், ஓடைக்கு நீலம். நீலம் என் கையில் வந்தது. அம்மா சொன்னபடி ஓடையை அகலமாகப் போட்டேன், பொட்டலமே காலியாகும் வரைக்கும். "நல்லா வரைஞ்சிருக்கியே" என்றார் அதிகாரி.

வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. அவரவர் வீட்டை அவரவரே வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் கொட்டையை நான் ஓடைக்கு அந்தப் பக்கம் சரியாகத்தான் வைத்தேன். வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தேன். இந்தப் பக்கம் கொட்டைகள் எல்லாம் கூடிப் பேசிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் ஒன்றே ஒன்று. தினமும் அதற்குள்தான் தூங்கி எழுகிறேன், ஆனால் மேலே நின்று பார்த்தது அன்றுதான். அழுகை வந்துவிட்டது.

என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் பச்சையம்மாவின் வீட்டுக்குப் பக்கத்தில் விரல் வைக்கிற அளவு இடம் இருந்தது. எங்கள் கொட்டையை எடுத்து அங்கே வைத்தேன்.

யாரும் பார்க்கவில்லை. அதற்குள் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறார்கள் என்று குரல் கேட்டு, படத்தை விட்டுவிட்டுப் பெரியவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். அதிகாரி மட்டும் குந்தியபடி படத்தைக் காகிதத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். கொட்டைகளை எண்ணிப் பார்த்தார். ரேஷன் கார்டுக் கணக்கோடு சரியாக இருந்தது.

"எங்கம்மா பாலம் வோணும்னு கேக்கச் சொன்னாங்க" என்றேன்.

"உங்க வூடு எதும்மா?"

காட்டினேன்.

"இங்கதான இருக்குது. அப்புறம் பாலம் எதுக்கு? ஓடைக்கு அந்தாண்ட யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லைங்க."

அப்போது ஓடைப் பக்கமிருந்து டங் டங் என்று தகரச் சத்தம் வந்தது. "அது என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"குருவி ஓட்றாங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பென்சிலைக் கூர் சீவினார்.

"வூட்ட வச்சியாடி?" என்று நான் வீடு திரும்பியதும் அம்மா கேட்டாள். வைத்தேன் என்றேன். பாலம் கேட்டாயா என்றாள். கேட்டேன் என்றேன். இரண்டும் பொய்யில்லை.

அடுத்த வருடம் குழாய் வந்தது. அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது, நான் கொட்டை வைத்த இடத்திலேயே வைத்தார்கள். பச்சையம்மா வீட்டுக்குப் பக்கத்தில், ஆடு கட்டுகிற காலி இடத்தில், சிமெண்டுத் தூண் நட்டு, அப்பா பெயரைப் பெயிண்டில் எழுதிவிட்டுப் போனார்கள். எங்களுக்குக் குழாய் தேவையே இல்லை. வீட்டுக்குப் பின்னால் பாறைக்கடியில் வற்றாத ஊற்று இருந்தது. "வூடு அந்தாண்ட, கொழா இந்தாண்ட" என்று ஊரே சிரித்தது. அதிகாரிக்குக் கண் தெரியாது என்று திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

பாலம் வரவில்லை. அந்த மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. இப்படியே போனால் படிப்பு நின்றுவிடும், அடிவாரத்து விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்று வாத்தியார் சொன்னார். சான்றிதழ் வாங்க அம்மா வந்தாள். வகுப்புச் சுவரில் அந்த ஊர்ப் படம் ஒட்டியிருந்தது. அம்மா அதன் முன்னால் போய் நின்றாள்.

"நம்ம வூடு எதுடி?"

காட்டினேன். மாட்டிக்கொண்டோம் என்றே எனக்குப் பட்டது. அம்மா அந்தப் புள்ளிமேல் விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"நல்ல எடமாத்தான் பாத்து வச்சிருக்க" என்றாள்.

அம்மாவுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விடுதியில் ஒரே அறையில் முப்பது பேர் படுத்திருப்போம். ஆசைப்பட்ட கூட்டம் கிடைத்துவிட்டது. ஆனாலும் கண்ணை மூடினால் தகர டப்பாச் சத்தம்தான் கேட்டது.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, குழாயில் தண்ணீர் வருகிற சாயங்கால நேரம். பெண்கள் எல்லாம் குடத்தோடு நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், எங்கள் குழாயடியில், அம்மா. அவள் குடம் எப்போதோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, பச்சையம்மாவின் அம்மா சொல்வதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"வூட்டாண்டயே ஊத்து இருக்குதே, எதுக்கும்மா இம்மாந்தூரம் வந்து தூக்கினு போற?" என்று கேட்டேன்.

"இந்தத் தண்ணி நல்லா இருக்குதுடி. தெனமும் இதத்தான் எடுக்கறேன்" என்றாள்.

ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் வாடை. பாவம், அம்மாவுக்குத் தண்ணீரின் ருசிகூடத் தெரியவில்லை என்று நினைத்தபடி அவள் பின்னால் ஓடையில் இறங்கினேன்.