தேய்த்துக் கழுவிய பானை

கரி பிடித்த பாத்திரத்தைக் கண்டால் என் மாமியாருக்கு உடம்பெல்லாம் எரியும். நான் கழுவிக் கவிழ்த்ததையே மறுபடி எடுத்துத் தேய்ப்பார். தேசிய அருங்காட்சியகத்தில் இருபத்திரண்டு வருடம் துப்புரவு வேலை பார்த்த கை, சும்மா இருக்காது. ஆனால் ஓய்வு பெற்றபின் அந்தப் பக்கம் அவர் தலைவைத்தும் படுத்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான்தான் வம்படியாக இழுத்துக்கொண்டு போனேன். கல்வெட்டு, காசு எல்லாம் தாண்டி வந்தவர், மண்பாண்டக் கூடத்து வாசலில் நின்றுவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

கண்ணாடிக்குள் ஒரு சமையல் பானை. வெளியே புகை ஏறிக் கறுத்திருந்தது, உள்ளே மட்டும் பளிச்சென்று இருந்தது. சமைத்தது என்னவென்று தெரியவில்லை என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா?

"இங்க வந்து பாருங்க அத்தை. அந்தக் காலத்துலயும் உங்கள மாதிரியே ஒருத்தி இருந்திருக்கா. பாவம், அவ மருமக."

அத்தை சிரிக்கவில்லை. "என்னை மாதிரி இல்ல. நான்தான்" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். தோண்டியெடுத்த பானை ஓடுகளைக் கழுவித் தரச் சொல்லியிருந்தாள், ஆய்வு செய்யும் பெண் ஒருத்தி. பக்கத்திலேயே இந்தப் பானையும் இருந்திருக்கிறது. உள்ளே அடியில் கருகிக் கிடந்ததைப் பார்த்ததும் அத்தைக்கு மனசு கேட்கவில்லை, நார் போட்டுத் தேய்த்துவிட்டார்; வெளியே ஊறிய கறுப்பு மட்டும் போகவில்லை. அந்தக் கரிதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. என்ன சமைத்தார்கள் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம். அந்தப் பெண்தான் கழுவிவிட்டாள் என்று அதிகாரி முடிவு கட்டினார். இல்லையென்று அழுதாள், யாரும் நம்பவில்லை. வேலை போயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"நான் அங்கயேதான் பெருக்கிட்டு இருந்தேன். தலைய நிமிர்த்தவே இல்ல. உன் புருஷன் அப்ப படிச்சிட்டிருந்தான். என் வேலை போயிடுமோன்னு பயம்."

எனக்குச் சுருக்கென்றது. வாய்க்கொழுப்பில் எங்கே கொண்டுபோய்க் குத்திவிட்டேன் என்றிருந்தது.

அத்தை எழுந்து நேரே அதிகாரியின் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். உள்ளே என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார், வேலைக்குப் புதிது.

"அந்தப் பானையத் தேய்ச்சது நான்தாங்க. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. எழுதிக்குங்க."

அவர் மரியாதையாக நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்கம்மா. எந்தப் பொண்ணு?"

அத்தை நின்றுகொண்டே இருந்தார்.