இடது கன்னம்

ஏற்காடு மலையில் எஸ்டேட் எஸ்டேட்டாக வாய்ப்புற்றுப் பரிசோதனை முகாம் நடத்திய ஓர் ஆராய்ச்சியில் எனக்கு வேலை. முகாம் படிவங்களையும் சேலம் மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவுகளையும் ஆள் மாறாமல் கம்ப்யூட்டரில் இணைக்க வேண்டும். சொல்வது சுலபம். ஒரே பெண்ணுக்கு முகாமில் அப்பாவின் இனிஷியல், மருத்துவமனையில் கணவரின் இனிஷியல். வயது கேட்கும்போதெல்லாம் மாறும். நாகலூரையே ஐந்து விதமாக எழுதியிருந்தார்கள்.

ஒரு நாள் காலை, சிகிச்சை முடிந்தவர்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நாகலூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர். மருத்துவமனைப் பதிவில் வலது கன்னத்தில் புண், ஆபரேஷன், நலம். முகாம் பதிவில் இடது கன்னத்தில், புற்றாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு.

“டைப் பண்றப்ப மாத்திப் போட்டிருப்பாங்க. வலதுன்னு திருத்திடுங்க” என்றார் ஆராய்ச்சியை நடத்திய டாக்டர்.

ஒரு நொடி வேலைதான். எனக்குக் கை வரவில்லை. அலமாரியைத் திறந்து காகிதப் படிவத்தைத் தேடி எடுத்தேன். வாயின் படத்தில் இடது பக்கத்தைப் பேனாவால் அழுத்தி வட்டமிட்டிருந்தார் முகாமுக்குப் போன நர்ஸ்.

மருத்துவமனையின் ஆபரேஷன் குறிப்பையும் எடுத்துப் பார்த்தேன்; அதில் வலதுதான். இது எழுத்துப் பிழை இல்லை. இவர்கள் இரண்டு பேர்! பெயரும் ஊரும் வயதும் ஒன்றாக இருந்ததால் கம்ப்யூட்டர் ஒருவராக்கிவிட்டது. ‘சிகிச்சை முடிந்தது’ என்று இருந்தால் இன்னொருவரை யார் கூப்பிட்டிருப்பார்கள்?

படிவத்திலிருந்த போன் எண் உபயோகத்தில் இல்லை. டாக்டரிடம் படிவத்தைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. “உடனே கிளம்புங்க” என்றார்.

அடிவாரம் தாண்டி பஸ் ஒவ்வொரு வளைவாகத் திரும்பத் திரும்ப, இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது எனக்கு. ஏற்காட்டில் நாகலூர் பஸ் பிடித்து எஸ்டேட் ஆபீசுக்குப் போய்ப் பெயரைச் சொல்லி விசாரித்தேன்.

“ஆமாங்க, அந்தப் பேருல ரெண்டு பேரு இருக்காங்க” என்றார் அங்கே கணக்கு எழுதும் ரைட்டர். “ஒருத்தங்க ஆபரேசன் பண்ணிட்டு வந்துட்டாங்க. இன்னொருத்தங்க அந்தா, மிளகு பறிக்கறாங்க பாருங்க.”

ஓடினேன். அந்தப் பெண் ஏணியிலிருந்து இறங்கி வந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

“கூப்பிடறோம்னு சொன்னீங்க. கூப்பிடலீங்களே. அதான் ஒண்ணுமில்லையாட்ட இருக்குன்னு விட்டுட்டேனுங்க.”

“தப்பு எங்க மேலதாங்க.”

அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “இப்பக் காரமே திங்க முடியறதில்லீங்க. நொம்ப முத்திருச்சுங்களா?”

“டாக்டர் பார்த்துத்தாங்க சொல்லணும். நாளைக்குக் காலைல வர்றீங்களா?”

“நாளைக்கு எதுக்குங்க, அம்மிணி? ஊட்டுல சொல்லிட்டு இப்பவே வரேன்!”

அன்று மாலையே டாக்டர் அவரைப் பார்த்தார். சதைப் பரிசோதனையில் புற்று அப்போதுதான் தொடங்கியிருந்தது தெரிந்தது. சின்ன ஆபரேஷனோடு முடிந்துபோனது.

அதற்குள் நான் கம்ப்யூட்டர் இணைத்த பதிவுகளையெல்லாம் பிரித்துப்போட்டு, காகிதத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்படி இருவர் ஒருவராகிப்போன இன்னும் இரண்டு ஜோடிகள் அகப்பட்டன! அந்த வாரமே அவர்களில் விடுபட்டவர்களையும் வரவழைத்தோம். இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் ‘இருவரும் ஒருவரா?’ என்று கேட்க மட்டும் செய்யும். முடிவு சொல்வது நாங்கள்.

சில மாதம் கழித்து அந்தப் பெண் மறுபரிசோதனைக்கு வந்தார். வெளியே வந்ததும் என் மேஜைக்கே வந்து நின்றார்.

“சுத்தமாயிருச்சுன்னு சொல்லிட்டாருங்க! வெத்தல போயலையும் விட்டுட்டேன். பச்ச மொளகாயே கடிக்கறேனுங்க இப்ப!”

நான் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன்.