பருத்திப்பட்டுப் புல்வெளியில் நான்கு முட்டைகள்

காலை 6.20. ஆவடியில் பூந்தமல்லி போகும் பேருந்தில் ஏறினோம், நானும் நான்கு பிள்ளைகளும். பருத்திப்பட்டுப் பாலம் வரை எனக்கு எண்பது காசு, பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். தூரம் நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஞாயிற்றுக்கிழமையாதலால் உட்கார இடம் கிடைத்தது.

"பசங்கள இட்டுகினு காலங்காத்தால எங்கமா கெளம்பிட்ட?" என்று கேட்டார் நடத்துனர்.

"கூவம் ஆத்துக்கு. பறவை, பூச்சியெல்லாம் பாக்க."

டிக்கெட் கிழித்த கை அப்படியே நின்றது. "கூவத்துக்கா? மூக்கப் பொத்திக்கினு போய்ட்டு வா" என்றார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பட்டணத்துக் கூவத்தை மட்டும் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். எண்பத்தொன்பதில் பருத்திப்பட்டுப் பக்கம் அதே ஆற்றில் ஆட்கள் குளித்தார்கள், மாடுகள் தண்ணீர் குடித்தன. பூந்தமல்லிக்குப் போகும்போதெல்லாம் பாலத்தின் மேலிருந்து அந்தப் புல்வெளியைப் பார்த்து வைத்திருந்தேன். என்றாவது இறங்கிப் பார்க்க வேண்டும் என்று நினைப்பதோடு சரி. இறங்க வைத்தவன் என் மகன் செந்தில். கோடை விடுமுறையில் நேரில் பார்த்த பத்து உயிர்களைப் பற்றி எழுதி வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். பத்து வயதுப் பிள்ளை சிங்கம், புலி, கரடி, காண்டாமிருகம் என்று எழுதி வைத்திருந்தான். எங்கேடா பார்த்தாய் என்றால் டி.வி.யில் என்கிறான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தொழிற்சாலைக் குடியிருப்பின் மதிலுக்குள்ளேயே வளர்ந்தால் இப்படித்தான் ஆகும். இந்த விடுமுறை முடிவதற்குள் பத்து உயிர்களை இவன் கண்ணால் காண வேண்டும், அதுவரை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். எனக்கு வீம்பு அதிகம் என்று என் கணவர் சொல்வது உண்டு.

என் மகள் வள்ளியும் கிளம்பினாள். கோவில்பதாகையிலிருந்து விளையாட வரும் பாபு தானாகவே ஒட்டிக்கொண்டான். எதிர்வீட்டு சித்ராவைக் கூட்டி வருவதுதான் பெரும்பாடாகிவிட்டது. எட்டு வயது, ஒற்றைப் பிள்ளை. முந்தைய வருடம் ரயில் நிலையக் கூட்டத்தில் அரை மணி நேரம் காணாமல் போனவள். அதிலிருந்து அவள் அம்மா கமலா அவளைத் தெருமுனைக்குக்கூட அனுப்புவதில்லை. கமலா ஈரோட்டுப் பக்கம். நான் மூன்று நாள் நச்சரித்த பிறகு ஒப்புக்கொண்டாள்.

"பன்னெண்டு மணிக்கு எம் புள்ளை வீட்டுல இருக்கோணும். ஒரு நிமிஷங்கூட தனியா உடக்கூடாது. இந்த ஒருக்கா சரியா வந்துட்டா, வாராவாரம் அனுப்பறேன்க்கா. இல்லாட்டி இதோட சரி, இப்பவே சொல்லிப்போட்டேன்."

நானும் வாக்குக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு என் பங்குக்கு ஒரு சட்டம் போட்டேன். பார்த்தேன் என்று வாயால் சொன்னால் போதாது, அத்தாட்சி வேண்டும், வெறுங்கையோடு யாரும் திரும்பக் கூடாது என்றேன். அந்தச் சட்டம் என்னை என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

காலை 6.45. பாலத்தடியில் இறங்கி, கரையோரமாகக் கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தோம். ஆறு வற்றி, அங்கங்கே மடுவாகத் தண்ணீர் நின்றது. மடுக்களுக்கும் கரைக்கும் நடுவில் அருகும் கோரையும் படர்ந்த புல்வெளி. எருமைகள் மேய்ந்தன. ஒவ்வொரு எருமைக்கும் பின்னால் ஓர் உண்ணிக்கொக்கு, ஒன்றின் முதுகில் இரட்டைவால் குருவி. செந்தில் நோட்டைத் திறந்தான். ஏழரை மணிக்குள் மூன்று.

எட்டு மணிக்கு மீன்கொத்தி. பிறகு நண்டு வளை, தட்டான், வெட்டுக்கிளி. பனைமட்டைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. கீழே விழுந்து கிடந்த பழைய கூடு ஒன்றை வள்ளி எடுத்துக்கொண்டாள். மடுவின் ஓரத்தில் தண்ணீர்ப்பாம்பு தலையைத் தூக்கியதும் செந்தில் என் முந்தானைக்குப் பின்னால் போய்விட்டான். காண்டாமிருகத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதியவன்.

புல்லறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். என் வயதுதான் இருக்கும்.

"இன்னாமா, எதுனா தொலைச்சிட்டீங்களா?"

"இல்லம்மா, சும்மா பாக்க வந்தோம்."

"பாக்கறதுக்கு இங்க இன்னா கீது?" என்று சொல்லிவிட்டுக் குனிந்து அறுக்கத் தொடங்கினாள்.

ஒன்பது மணிக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். உட்கார்ந்ததிலிருந்து தலைக்கு மேல் இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் சுற்றிச் சுற்றிக் கத்தின. கண்ணோரத்தில் சிவப்பு மடல், மஞ்சள் கால். சட்டினி கேட்பது காதில் விழாத அளவுக்குச் சத்தம். "சரியான வாயாடி" என்று நான் சொல்ல, பிள்ளைகள் சிரித்தார்கள். செந்தில் பத்தாவதாக அதை எழுதிக்கொண்டான். வந்த காரியம் முடிந்தது. பிறகு ஒரு மணி நேரம் போல அவரவர் அத்தாட்சி தேடினார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து நால்வரையும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

காலை 10.50. பருத்திப்பட்டு நிறுத்தத்தில் ஆவடிப் பேருந்து வந்தது. நிற்க இடமில்லாத கூட்டம். மூவரையும் படியேற்றிவிட்டு சித்ராவின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் பின்வாங்கினாள்.

"நான் நடந்தே வரேன் ஆன்ட்டி."

இரண்டு கைகளாலும் பாவாடை மடிப்பை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வரும் வழியெல்லாம் அப்படித்தான் வந்தாள். வயிற்று வலியோ என்று நான் இரண்டு முறை கேட்டுமிருந்தேன். இப்போது மடிப்பை விலக்கிப் பார்த்தேன். உள்ளே, கைக்குட்டையில் சுற்றி ஒரு முட்டை. சாம்பல் கலந்த மண் நிறம், மேலே கறுப்புத் திட்டுகள்.

"கூட்டத்துல நசுங்கிடும் ஆன்ட்டி. எங்க வீட்டுக் கோழி அடை உக்காந்திருக்கு. அதுக்கடியில வெச்சா குஞ்சு பொரிச்சிடும். நீங்கதான வெறுங்கையா வரக்கூடாதுன்னு சொன்னீங்க."

நடத்துனர் விசில் வாயோடு காத்திருந்தார். "ஏறுறியா இல்லியாமா?"

அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஏறிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கோழி யோசனையும் ஒன்றும் மோசமாகப் படவில்லை. முட்டையை அடைகாக்கக் கோழிக்குச் சொல்லித்தரவா வேண்டும்? பன்னிரண்டு மணிக்குள் போய்விடலாம், கமலாவின் முகம் மலரும், வாராவாரம் வரலாம். ஆனால் இந்த முட்டைக்காக அந்த ஆள்காட்டி கத்தியதை வாயாடித்தனம் என்று சிரித்துக்கொண்டே, அதன் கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றவள் நான். அத்தாட்சி கேட்டவளும் நான்.

"எறங்குங்க எல்லாரும்" என்றேன்.

"ஆன்ட்டி, லேட்டாச்சின்னா கமலா ஆன்ட்டி நம்மள உண்டு இல்லன்னு பண்ணிடும். இங்கியே எங்கனா வெச்சிட்டு கெளம்பிக்கலாம்" என்றான் பாபு.

"எடுத்த எடத்துலதான் வைக்கணும்."

பாபுவை மட்டும் பேருந்தில் அனுப்பித் தகவல் சொல்லச் சொல்லலாமா என்று யோசித்தேன். பதினோரு வயதுப் பிள்ளை. யாரையும் தனியாக விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பேருந்து போய்விட்டது. வந்த வழியே அதே ஒன்றரைக் கிலோமீட்டரைப் பதினொரு மணி வெயிலில் நடந்தோம். சித்ரா முட்டையை முன்போலவே மடிப்பில் பிடித்துக் கொண்டுவந்தாள். நான் வாங்க முயன்றபோது தரவில்லை.

காலை 11.25. எடுத்த இடம் எது? "காஞ்ச சாணிக்குப் பக்கத்துல" என்றாள் சித்ரா. அந்தப் புல்வெளியில் காய்ந்த சாணி இல்லாத இடம் எது? ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றி நாலு கூழாங்கல், அவ்வளவுதான். காலை வைத்தால் மீதி முட்டைகளையும் மிதித்துவிடுவோம். பிள்ளைகளை அப்படியே நிற்கச் சொன்னேன்.

வழி கண்டுபிடித்தவள் வள்ளி. "அம்மா, சித்ரா அந்தப் பக்கம் போனா கம்மியா கத்துது. இந்தப் பக்கம் வந்தா அதிகமா கத்துது." அதன்படியே சித்ராவை ஓரடி ஓரடியாக நடக்கச் சொன்னோம். கத்தல் குறைந்தால் நின்றாள், கூடினால் அடுத்த அடி. இருபது நிமிடம் ஆயிற்று. கடைசியில் பறவை ஒன்று அவள் தலையை உரசுகிற மாதிரி இறங்கியது. தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் ஓடவில்லை.

"இருக்கு ஆன்ட்டி. மூணு இருக்கு."

மூன்று முட்டைகளும் கூர்முனை உள்பக்கம் பார்த்திருந்தன. அவளும் அப்படியே நான்காவதை வைத்தாள். யாரும் சொல்லித்தரவில்லை.

தூரத்தில் வேலிக்காத்தான் மர நிழலில் போய் உட்கார்ந்தோம். பறவை திரும்பி வந்து உட்காருவதைப் பார்க்காமல் போகக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். பன்னிரண்டு அடித்திருக்கும். கமலாவின் முகம் கண்முன் வந்து வந்து போனது. 12.35-க்கு ஒரு பறவை மடுவில் இறங்கியது. வயிறு மூழ்கும் வரை தண்ணீரில் நின்றது. பிறகு நாலடி ஓடி, நின்று, மறுபடி நாலடி ஓடி, குழிக்கு வந்து முட்டைகளின் மேல் அமர்ந்தது.

"குளிச்சிட்டு வந்து உக்காருது" என்றாள் வள்ளி.

புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் எங்களைக் கடந்து போனாள். "வெயில்ல முட்டை வெந்துடும்ல. அதான் வவுத்த நனைச்சிகினு வந்து உக்காருது" என்று போகிற போக்கில் சொன்னாள். செந்தில் நோட்டில் எதுவும் எழுதவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

பிற்பகல் 2.10. எங்கள் படிக்கட்டின் அடியில் கமலா நின்றாள். இரண்டு முறை பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவள் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில் நிலையப் பக்கம் தேடப் போயிருந்தார். அவள் கத்தியதில் மூன்று மாடியும் எட்டிப் பார்த்தது. நம்பி அனுப்பினேனே என்றாள், உங்க புள்ளையா இருந்தா இப்படிச் செய்வீங்களா என்றாள். பேருந்து கிடைக்கவில்லை என்று சொல்ல நினைத்திருந்தேன். அதற்குள் சித்ரா முந்திக்கொண்டாள்.

"நான்தாம்மா முட்டைய எடுத்தேன். திரும்ப வெச்சிட்டு வந்தோம்."

"முட்டையா? ஒரு முட்டைக்காகவா?" கமலா என்னைப் பார்த்தாள். "இனி எம் புள்ளை ஆத்துப் பக்கம் வரமாட்டா."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சித்ராவை இழுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்குள் வந்து அழுதேன். செய்தது சரிதான் என்று தெரிந்தும் அழுகை வந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் மூன்று பிள்ளைகளோடு போனேன். பாலம், கரை, வேலிக்காத்தான் நிழல், தூரத்திலிருந்து ஒரு பார்வை. திரும்பி வரும்போது சித்ரா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"நாலும் இருக்கா ஆன்ட்டி?"

"இருக்கும்மா. அம்மா முட்டைங்க மேலயே உக்காந்திருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் அந்த நேரம் மட்டும் நிற்கும்.

நான்காவது ஞாயிறு குழி காலியாக இருந்தது. ஓடுகூட இல்லை. பறவைகள் மட்டும் என்றைக்கும் இல்லாதபடி கத்தி, எங்கள் தலைக்கு நேரே பாய்ந்தன. "கீரி துன்னுட்டிருக்கும்" என்றான் பாபு. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒன்பதரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஜன்னலில் சித்ரா. பொய் சொல்லலாமா என்று படியேறும்போது யோசித்தேன். முடியவில்லை.

"காணோம்மா. ஒண்ணுகூட இல்ல."

அவள் அழவில்லை. கம்பியை விடாமல் கேட்டாள். "நான் தொட்டதாலயா ஆன்ட்டி?"

அவளுக்குப் பின்னால் கமலா கரண்டியோடு நின்றிருந்தாள். மகளைப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். வரும்போது காலில் செருப்பு இருந்தது.

"பஸ் எத்தனை மணிக்குங்கக்கா? அந்த எடத்தைக் காட்டுங்க."

காலை 10.40. ஆறு பேராகப் பாலத்தடியில் இறங்கினோம். பேருந்தில் கமலா பிள்ளைகளை இரண்டு முறை எண்ணினாள், என்னோடு பேசவில்லை. புல்வெளியின் விளிம்பை மிதிப்பதற்குள் ஆள்காட்டிகள் இரண்டும் எழும்பிவிட்டன. தலைக்கு மேல் வட்டமடித்தன, தரையில் விழுந்து, அடிபட்டதுபோல் இறக்கையை இழுத்துக்கொண்டு நொண்டின, மறுபடி எழும்பிக் கத்தின. நான் குழியைக் காட்ட முன்னால் நடந்தேன். கமலா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முட்டை இருந்தப்பவும் இப்படித்தான் கத்துச்சா?"

"இந்த அளவுக்கு இல்ல."

அவள் நிமிர்ந்து அவற்றையே பார்த்தாள். "அன்னிக்கு இவ வர்ற வரைக்கும் எனக்குத் தொண்டையில சத்தமே வரலீங்கக்கா. பஸ் ஸ்டாண்டுல யாருகிட்டயும் கேக்கக்கூட முடியல. கண்ணு முன்னாடி வந்து நின்ன பொறகுதான் அத்தனை கத்து கத்துனேன். குஞ்சு போயிருந்தா இதுக்கு எப்படி இந்தச் சத்தம் வரும்?"

கமலா சித்ராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எல்லாரும் அப்படியே பின்னால வாங்க. புல்லுல கால் வைக்காதீங்க. பொரிச்ச குஞ்சுக இங்கதான் எங்கியோ பதுங்கிக் கெடக்கும்."

வந்த காலடியிலேயே கரையேறினோம். வேலிக்காத்தான் நிழலில் கால் மணி நேரம் நின்று பார்த்தோம். ஒரு குஞ்சுகூடக் கண்ணில் படவில்லை. பறவைகளும் ஓயவில்லை. நாங்கள் இருக்கும் வரை இதுகள் அடங்காது என்று சொல்லி, கமலாதான் எங்களைக் கிளப்பினாள். திரும்பும் வழியெல்லாம் சத்தம் பின்னாலேயே வந்தது. பாலத்தருகே வந்தபோது நின்றுவிட்டது. சித்ரா திரும்பிக் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"உக்காந்திருச்சும்மா" என்றாள்.