நான் பயப்படாத ஒரே ஆபத்து

அன்பான சகோதரிகளே, நடந்து சில வருஷங்கள் ஆகியும் இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. ஆனாலும் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் பெயர் எஸ்தர். பெங்களூர் காக்ஸ் டவுனில் ரயில் பாதைக்குப் பக்கத்து வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கோலார் தங்கவயலில். என் வீட்டுக்காரர் அங்கே சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே எங்கள் வீட்டு அலமாரியில் தட்டுகள் கடகடவென்று ஆடும். ஆடினால் போதும், பெண்கள் எல்லாரும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவோம். அப்படி ஓடிய ஒரு நாளில்தான் என் அண்ணனைத் துணி போர்த்தி வெளியே கொண்டுவந்தார்கள்.

அதன்பிறகு என் மனசு என் பேச்சைக் கேட்கவில்லை. அழுது அடம்பிடித்து அவரை அந்த வேலையை விட வைத்தேன். 1956-ல் பெங்களூருக்கு வந்தோம். ஒரு துணி மில்லில் அவருக்கு வேலை கிடைத்தது. இனிமேல் நிம்மதி என்று நினைத்தேன். நிம்மதியாவது மண்ணாவது! இங்கே ரயில் போனாலும் தட்டு ஆடியது. ரயில்தான் என்று புத்திக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அசைந்ததெல்லாம் சாவு. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மில் கேட்டுக்கு ஓடுவேன். அவர் வெளியே வந்து முகம் காட்டினால்தான் திரும்புவேன். "சூப்பர்வைசரம்மா வந்துட்டாங்க" என்று கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் கேலி செய்வார்களாம். அவர் என்னைக் கோபித்ததே இல்லை. "எனக்கு ஒண்ணும் ஆவல, நீ வூட்டுக்குப் போ" என்பார். அவ்வளவுதான்.

இப்படி ஓடாதே, கோவிலுக்குப் போய் ஜெபம் பண்ணு என்று எங்கள் சபைப் போதகரின் மனைவி, ஐயரம்மா, புத்தி சொன்னார்கள். சரியென்று கேட்டுக்குப் போவதை விட்டேன். மத்தியானத்தில் ஆலயம் காலியாக இருக்கும். முழங்கால் போட்டுச் சத்தமாகவே ஜெபிப்பேன். மெஷின் பெல்ட் அறுந்து அவரை அடிக்கக் கூடாது, லாரி மோதக் கூடாது, மழையில் சைக்கிள் சறுக்கக் கூடாது, மில் சுவர் இடியக் கூடாது! எந்தெந்த விதத்தில் மனுஷன் சாகலாம் என்று ஆண்டவருக்கே நான் பாடம் நடத்தினேன்.

1958 மழைக்காலம். அவர் நடத்தை மாறியது. காற்று வேண்டும் என்று வாசல் அறையில் தனியாகப் படுத்தார். தனக்கென்று ஒரு தம்ளரைப் பிரித்து வைத்துக்கொண்டார். மகள் கிட்டே போனால் விலகினார். என் தொல்லை தாங்காமல் என்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று எண்ணினேன். வேறு பெண் இருக்கிறாளோ என்றுகூட எண்ணினேன். கேட்கத்தான் இல்லை.

ஒரு நாள் பகலில் பயங்கரமாக இடி இடித்தது. அலமாரியிலிருந்து ஒரு தட்டு விழுந்து உடைந்தது. என் வைராக்கியம் எல்லாம் பறந்துபோயிற்று. பழையபடி மில்லுக்கு ஓடினேன். கேட்டில் இருந்த காவல்கார பாய் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"என்னம்மா, உங்க வூட்டுக்காரரு இந்த மாசம் பூரா வேலைக்கே வரலியே. டி.பி. ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கறாரில்ல?"

காலையில் சாப்பாட்டு டப்பாவை அவர் கையில் நான்தானே கொடுத்தேன்! மில் உடுப்போடுதானே கிளம்பிப் போனார்!

என் முகத்தைப் பார்த்ததும் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! வூட்ல சொல்லிடாத பாய், கேட்டா அவ செத்துடுவான்னு சொன்னாரும்மா. நான் சொல்லித் தொலைச்சிட்டேனே!"

ஆலயத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. முழங்காலில் விழுந்தேன். வழக்கமான ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. கற்பனை ஆபத்துகளோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, நிஜமான ஆபத்தோடு அந்த மனுஷன் தன்னந்தனியாக இருந்திருக்கிறார். நினைக்க நினைக்க நெஞ்சு பிளந்தது. "ஆண்டவரே, காவல்காரரிடம் சொன்னதை என்னிடம் சொல்ல அவரால் முடியவில்லையே. என்னை நம்பிச் சொல்லக்கூடிய ஒருத்தியாக என்னை மாற்றும். இன்றைக்கே மாற்றும்" என்று கதறினேன்.

"எஸ்தர்."

அலறிவிட்டேன். பக்கவாட்டுக் கதவில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் நான் கொடுத்த டப்பா.

"ஊசி போட்டுக்கினு தெனமும் இங்கதான் வருவேன். கோவிலுக்குப் பின்னால, வெளிய ஜன்னலாண்ட குந்திக்கினு இருப்பேன். நீ ஜெபம் பண்றது எல்லாம் கேக்கும். லாரி, மெஷினு, சுவருன்னு அத்தனையும் சொன்ன. என் நெஞ்சு மட்டும் அதுல வரல. ஆனாலும் ஒவ்வொண்ணுக்கும் நான் ஆமென் சொன்னேன்."

அப்புறம் என் பக்கத்தில் வராமல், பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்து அவர் சொன்னார்: "எனக்குப் பயமா இருக்குது எஸ்தர்."

பூமிக்கு அடியில் பாறையைக் குடைந்த மனுஷன்! கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை. நான் மயங்கி விழுந்திருக்க வேண்டும். ஒப்பாரி வைத்திருக்க வேண்டும். என்னை எனக்கே நம்ப முடியவில்லை, "சாப்டீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். சாப்பிட வைத்தேன். "நாளையிலேருந்து ஊசிக்கு நானும் வர்றேன்" என்றேன். அவர் அழுதார். நான் அழவில்லை.

ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தவருக்குக் காது கேட்டது, இதில் என்ன அதிசயம் என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கட்டும். இவ்வளவு பெரிய ஊரில் அவரை அந்த ஜன்னலடியில் கொண்டுவந்து உட்கார வைத்தது யார்?

ஒரு வருஷத்துக்கு மேல் ஊசியும் மாத்திரையும் நடந்தது. கடைசியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆறிவிட்டது என்றார். அவர் மறுபடியும் வேலைக்குப் போகிறார். ஸ்தோத்திரம்! பயம் என்னை அடியோடு விட்டுப் போயிற்று என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் என் மனசு கதை கட்ட ஆரம்பித்தால், இப்போது அவரிடமே போய்க் கேட்டுவிடுகிறேன். பாதிக் கதை அங்கேயே செத்துப்போகிறது.

சகோதரிகளே, பாதுகாப்புக்காக ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆமென் சொன்ன பிறகு வீட்டுக்குப் போய் உங்கள் மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன பயம்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டிருங்கள். அதற்கு எனக்கே பலம் கொடுத்தவர், உங்களுக்குக் கொடுக்கமாட்டாரா?