ஆறடித் தொட்டியும் ஒரு துளிப் பச்சையும்

என் மனைவி உட்கார்ந்து நான் பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு மதியத் தூக்கத்துக்குக்கூடக் காணாது. பல் தேய்த்துக்கொண்டே துணி மடிப்பாள். போனில் பேசிக்கொண்டே மூன்று அறைகளையும் வலம் வருவாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் எந்த வேலைக்கும் கிளம்புவாள். அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நான்கு வீடு மாறினோம். நான்கும் அவள் யோசனை. எனக்கோ வீடு மாறுவதென்றால் வேப்பங்காய்.

அப்படிப்பட்டவள் பதினோரு வருஷமாகக் கைவிடாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டடி நீளத்தில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி. அதில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடிக் கோமாளி மீன். பெரியது பெண், அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். சின்னது ஆண். பெண்டாட்டி போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனதால் மாப்பிள்ளை என்று நான் பெயர் வைத்தேன். இரண்டும் கடற்சாமந்தி என்கிற பூ மாதிரியான ஒரு கடல் உயிரின் விரல்களுக்கு நடுவே குடித்தனம் நடத்தின. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் அவை அவள் மடியில் வாளியோடு காரில் வந்தன. நான் கட்டில் பீரோவோடு லாரியில் வந்தேன்.

ஒரு நாள் தொட்டியின் கீழ் மூலையில் கண்ணாடிகளை ஒட்டியிருந்த பசை விட ஆரம்பித்தது. முதலில் வெறும் ஈரம். பிறகு மேஜையில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பிறகு சொட்டு.

"ஒட்டிடலாமே?" என்றேன்.

"ஒட்டணும்னா தண்ணி பூரா வடிச்சுக் காயவிடணும். அதுவரைக்கும் மீன எங்க வைக்கிறது? உங்க பெயிண்ட் டப்பாவுலயா?"

நான் பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவன். என் டப்பாக்களுக்கு அந்த யோக்கியதை இல்லை என்பது தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு ஆட்கள் முக்கி முனகி ஓர் ஆறடித் தொட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார்கள். ரொம்ப நாளாக அவள் மனசில் இருந்த தொட்டி. கசிவு ஒரு சாக்காகக் கிடைத்தது. அதற்கு இடம்விட்டு, பழைய தொட்டி காலியாகிற வரைக்கும் என்று, என் சோபா பால்கனிக்குப் போனது.

பெரிய தொட்டி வந்தால் மீனைத் தூக்கி அதில் விட்டுவிட வேண்டியதுதானே என்று நினைத்திருந்தேன். நினைப்புதான். வடிகட்டிய தண்ணீர் நிரம்பவே மூன்று நாள் ஆயிற்று. அதில் உப்பைக் கரைத்து, கருவி வைத்து அளந்து, போதாமல் இன்னும் கரைத்தாள். பாறைகளை அடுக்கினாள், பிடிக்கவில்லை, கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுகவிட்டாள். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது மீனுக்கே விஷம். அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் பாறையில் பெருக வேண்டும். பெருகத் தீனி வேண்டும், அந்தத் தீனிதான் இறால். அம்மோனியா ஏறி, பிறகு துளிகூட இல்லாமல் இறங்கினால்தான் மீனை விடலாம். ஐந்து வாரம் ஆகும் என்றார் மீன்கடைக்காரர். ஐந்து நிமிஷம் பொறுக்காதவளிடம் ஐந்து வாரம்.

பழைய தொட்டி அதுவரை தாங்க வேண்டுமே! கசிவுக்கடியில் துண்டு, துண்டுக்கடியில் வாளி. வாளியில் சேர்ந்ததை மறுபடி தொட்டியிலேயே கொட்டினோம். வேலைக்குப் போனவள் மத்தியானம் இரண்டு தடவை போன் பண்ணி, "வாளி எவ்வளவு ரொம்பியிருக்கு?" என்பாள். கடையில் ஆளை நிற்க வைத்துவிட்டு நான் வீட்டுக்கு ஓடுவேன். வீடு முழுக்கக் கடற்கரை நாற்றம். அவள் புதுத் தொட்டிக்கும் பழைய தொட்டிக்கும் நடுவே நடந்துகொண்டே சாப்பிட்டாள். பார்க்கிற எனக்கே மூச்சு வாங்கியது.

தினமும் காலையில் பரிசோதனை. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குலுக்கி, ஐந்து நிமிஷம் வைப்பாள். மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை. பச்சையடித்தால் இருக்கிறது. இவ்வளவு செய்பவள், நிறத்தை மட்டும் தான் பார்க்க மாட்டாள்.

"லேப்ல சொந்தக்காரங்க ரத்தம் வந்தா அடுத்த ஆள்கிட்ட குடுத்திடுவோம். எங்கப்பாவோடத கூட நான் தொடல. நமக்கு எது வேணுமோ அதுதான் நம்ம கண்ணுக்குத் தெரியும். நீங்க பாருங்க."

என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. சுவரிலிருந்து பெயர்ந்த சில்லைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார்கள் எங்கள் கடையில். அரைத் துளி கூடினாலும் எனக்குத் தெரிந்துவிடும். ஆகவே தினமும் குழாயை வெள்ளைத் தாளின்மேல் பிடித்துச் சொன்னேன். பச்சை. நல்ல பச்சை. கொஞ்சம் வெளிறிய பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் அவள் முகம் சுண்டிப்போகும்.

இருபத்து மூன்றாம் நாள், சனிக்கிழமை. வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமலே நின்றாள். ஒருவர் பெயர்ச் சீட்டை இன்னொருவர் குழாயில் ஒட்டப் போனாளாம். பக்கத்தில் இருந்தவர் பார்த்துத் தடுத்தாராம். "இத்தன வருஷத்துல ஒரு தடவ கூட இப்படி ஆனதில்லங்க" என்றாள். அன்றைக்கு வாளி மூன்று முறை நிரம்பியது.

ஞாயிறு காலை குழாய் என் கையில். எலுமிச்சை பழுக்கப் போகும்போது காம்போரம் மிச்சமிருக்குமே, அந்தப் பச்சை. இன்னும் ஒரு வாரம், பத்து நாள் என்று அர்த்தம். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்ன நிறம்?"

"மஞ்சள்."

"நிஜமாவா?"

"நான் என்ன நேத்துதான் பெயிண்ட் கடைக்குப் போனேனா?"

அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து சிரித்தாள். அவளுக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று இதுவரை பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. மீதிப் பாதி பால்கனியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த என் சோபா.

மீன்களை முதலில் விட்டுவிட்டு, கடற்சாமந்தியை அடுத்த வாரம் மாற்றுவதாக ஏற்பாடு. வாளியில் புதுத் தண்ணீரைச் சொட்டவிட்டுப் பழக்கி, பத்து மணிக்கு இரண்டையும் புதுத் தொட்டியில் விட்டாள். இரண்டு மணிக்கு மாப்பிள்ளை மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மேனேஜர் ஒரு மூலையில் முடங்கியது.

என் மனைவி மறுபடி தண்ணீர் எடுத்தாள், சொட்டு விட்டாள். ஐந்து நிமிஷமும் நின்றாள், அசையாமல். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. பிறகு குழாயை என்னிடம் நீட்டினாள்.

"பச்சை" என்றேன்.

"காலையில?"

கண் ஏமாற்றிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை அதற்குள் பக்கவாட்டில் சாய ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எனக்கு இன்னொரு பொய் வரவில்லை.

"காலையிலயும் பச்சைதான். லேசா."

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாலு பேர் கூடும்படி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வலையை எடுத்து இரண்டையும் பழைய தொட்டிக்கே மாற்றினாள். மேனேஜர் தேறிவிட்டது. மாப்பிள்ளை நாலு மணிக்குக் கடற்சாமந்திக்குப் பக்கத்தில் மணலில் கிடந்தது. பதினோரு வருஷம் அது என் வீட்டில் இருந்தது; நான் ஒரு வார்த்தையில் கொன்றேன்.

அதன் பிறகும் பழைய தொட்டி பன்னிரண்டு நாள் தாங்கியது. துண்டு பிழிவதும் வாளி கொட்டுவதும் என் வேலை, நானாகவே எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் அவள் குழாயை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். மேல்வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். விடைத்தாள் திருத்துகிற கவனத்தோடு அவர் பார்த்துச் சொல்வார். பச்சைதான்மா. இன்னும் பச்சைதான்மா.

பன்னிரண்டாம் நாள் டீச்சரே இறங்கி வந்தார். குழாயை எட்ட வைத்தார், கிட்ட வைத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மஞ்சள் மாதிரிதான் இருக்கு. லேசா பச்சை அடிக்குதோன்னும் ஒரு சந்தேகம். அட, தம்பிதான் பெயிண்ட் கடையில இருக்காரே! ஒரு வார்த்த கேளேன்."

நான் சமையலறை வாசலில் ஈரத் துண்டோடு நின்றேன். அங்கிருந்தே தெரிந்தது. சுத்தமான மஞ்சள், ஒரு பொட்டுப் பச்சை இல்லை. சொல்ல வாயெடுத்தேன்.

"அவர் வேணாம் டீச்சர்" என்றாள். "நீங்களே இன்னொரு தடவ பாருங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அப்பாவின் ரத்தத்தை அடுத்த ஆளிடம் கொடுத்தபோதும் இதே குரலில்தான் சொல்லியிருப்பாள். டீச்சர் என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், சன்னல் பக்கம் கொண்டுபோய் மஞ்சள்தான் என்றார்.

மேனேஜர் இப்போது ஆறடித் தொட்டியில் இருக்கிறது. இந்தக் கண்ணாடியிலிருந்து அந்தக் கண்ணாடி வரை போகும், திரும்பி வரும், நிற்பதில்லை. சோபாவை உள்ளே கொண்டுவந்தாயிற்று. அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் வழக்கம்போல் நடக்கிறாள். என்னோடு சிரித்துப் பேசுகிறாள், சண்டைகூடப் போடுகிறாள்.

நேற்றுக் காலையில் பால் தீர்ந்துவிட்டது என்றேன். "அப்படியா" என்றாள். பிறகு போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள்.