கழுத்தில் ஒளிந்திருந்தது

லப்பைக்குடிகாட்டில் கணவன் வெளிநாட்டில் இருக்கும் பெண்ணுக்கு எந்த நோய் வந்தாலும் ஒரே காரணம்தான் சொல்வார்கள். எனக்கு எலும்பெல்லாம் வலித்தது. ஒரு சிறுநீரகக் கல் போனால் அடுத்தது வந்தது. பகலிலும் படுத்தே கிடந்தேன்.

"எம் மவன் நெனப்புலயே உடம்பக் கெடுத்துக்கறே" என்று மாமியார் ஓதிய தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

"உங்க மவன் ஊர்ல இருந்தப்பவும் கல்லு வந்துச்சே மாமி" என்று சொல்லிவிட்டுப் பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன்.

அங்கே சோதித்ததில் ரத்தத்தில் கால்சியம் மிக அதிகமாக இருந்தது. தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்று சின்னச் சின்னதாக நான்கு சுரப்பிகள் உண்டாம். அவற்றில் ஏதோ ஒன்று கெட்டு, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொண்டிருந்தது. எதுவென்று தெரியவில்லை. பெரம்பலூரில் எடுத்த கழுத்து ஸ்கேனிலும், திருச்சியில் ஊசி போட்டு எடுத்த படத்திலும் அகப்படவில்லை.

"எதுன்னு தெரியாமக் கழுத்தத் தொறந்தா ரெண்டு பக்கமும் தேடணும்மா. கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாமே" என்றார் அங்கிருந்த அறுவை மருத்துவர்.

"பொறுத்தது போதும் சார். மொதல்ல எடுத்த ஸ்கேன்ல தைராய்ட மட்டுந்தானே பாத்தாங்க? இதுக்குன்னு ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க."

அவர் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார். இந்தச் சுரப்பியைத் தேடிப் பழகிய ஒரு டாக்டரம்மா அரியலூரில் இருப்பதாகச் சொன்னார்.

"திருச்சியிலயே தெரியாதது அரியலூர்ல தெரியுமா?" என்று கணவர் போனில் கேட்டார்.

"தெரியலன்னா வேற ஊருக்குப் போவேன் மச்சான்."

அரியலூரில் டாக்டரம்மா என் தோளுக்கடியில் தலையணை வைத்து, தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். கழுத்தில் சில்லென்று ஜெல். கருவியை அழுத்தி மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தார். எனக்குக் கழுத்து கடுத்தது.

"எச்சில் முழுங்குங்க." முழுங்கினேன். "இன்னொரு தடவ."

கை நின்றது. திரையை என் பக்கம் திருப்பினார். தைராய்டுக்குக் கீழே, இடது பக்கம், மொச்சைக்கொட்டை போலக் கருப்பாக ஒன்று.

"நெஞ்செலும்புக்குப் பின்னால இருக்கு. முழுங்கும்போதுதான் மேல வருது."

"இது புருஷன் நெனப்புல வந்தது இல்லையே டாக்டர்?"

"இல்லம்மா. கட்டி." அவர் சிரித்துவிட்டார்.

படத்தை மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்து, "இத்துனூண்டா?" என்றார்.

"ஒம் மச்சான் வராமயா ஆபரேஷனு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கழுத்து என்னுடையது, கையெழுத்தை நானே போட்டேன். இடது பக்கம் மட்டும் சின்னதாகத் திறந்து அதை எடுத்தார்கள். மறுநாள் ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருந்தது. மாமியார்தான் எனக்குக் கஞ்சி ஊட்டினார்.