பாலா, தண்ணியா

துணி காயப்போடும் மரக்கிளிப்பால் கண்ணாடிக் குழாயின் கழுத்தைக் கவ்விப் பிடித்து, ஸ்பிரிட் விளக்கின் நீல நுனிக்கு மேலே சாய்த்துக் காட்டுகிறார் ஆம்புரோஸ். அடியைச் சுடக்கூடாது. மேல்பாதி மட்டும் கொதிக்கவேண்டும். கீழ்ப்பாதி அப்படியே நின்றால்தான் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கமுடியும். காலை ஆறேகால் மணி. மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய சிம்பாங் பூலாயில், சுண்ணாம்புக் குன்றின் நிழல் இன்னும் விலகாத ஒரு பலகை வீட்டின் சமையலறை. குழாயில் இருப்பது அவருடைய எட்டு வயது மகள் பெட்ரீசியாவின் சிறுநீர்.

கொதிக்கும் நேரத்தை அவர் கடிகாரத்தில் பார்ப்பதில்லை. மாதாவை நோக்கிய மன்றாட்டு ஒன்றை வாய்க்குள் சொல்கிறார். அது முடியும்போது குழாய் கொதித்திருக்கும். ஆனால் அதை அவர் முடிப்பதேயில்லை. கடைசி வரியில் மரண நேரம் பற்றிய சொற்கள் வருகின்றன. அதற்கு ஒரு மூச்சு முன்னதாகவே நிறுத்தி, ஆமென் சொல்லி, விளக்கை ஊதி அணைத்துவிடுகிறார்.

மனைவி டோரிஸ் ஒருநாள் கேட்டே விட்டார். "முழுசாச் சொன்னாத்தான் என்னவாம்? அரைகுறையாச் சொன்னா மாதாவுக்குக் கோவம் வராதா?"

"நான் ஏன் விட்டேன்னு மாதாவுக்குத் தெரியும் லா."

குழாயைச் சன்னலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிடிப்பார். அந்த நேரத்துக்குச் சரியாக உள்ளறையிலிருந்து பெட்ரீசியாவின் குரல் வரும். "அப்பா, பாலா, தண்ணியா?"

தெளிந்திருந்தால் தண்ணி. வெண்மையாகத் திரண்டிருந்தால் பால். இந்தச் சொற்களை மருத்துவமனை கொடுக்கவில்லை, ஆம்புரோஸின் வேலை கொடுத்தது. ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டமொன்றின் ரப்பர் ஸ்டோரில் பதினேழு வயதில் சேர்ந்தவர் அவர். மரம் சீவுகிறவர்கள் கொண்டுவந்து கொட்டும் பாலில் தண்ணீர் கலந்து, ஆசிட் ஊற்றி, தொட்டியில் உறையவிட்டு, கட்டியானதை உருளை இயந்திரத்தில் கொடுத்துத் தகடாக்குவது வேலை. தோட்டத்துக்காரர்கள் ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டதும், குடும்பத்தோடு இங்கே வந்து, சிறுதோட்டக்காரர்களிடம் பால் வாங்கும் தவுக்கே என்று அழைக்கப்படும் ஒரு சீன முதலாளியிடம் அதே வேலைக்கு அமர்ந்தார். வயது நாற்பத்தொன்று. விரல் நுனிகளில் ஆசிட் பட்டுப்பட்டுத் தோல் உரிந்து ரேகை அழிந்திருக்கிறது. வெறுங்கையோடு நடக்கும்போதும் இரண்டு பக்கமும் வாளி தூக்கியவரைப்போலத் தோள்களை உயர்த்தியே நடப்பார். வாளியில் இருக்கும் பாலை எட்டிப் பார்த்தே, காலையில் மழை பெய்ததா, எவன் தண்ணீர் கலந்தான், எவ்வளவு ஆசிட் பிடிக்கும் என்றெல்லாம் சொல்லிவிடுவார். அந்தக் கண்தான் இப்போது விரலளவுக் குழாயில் நிற்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, எழுபத்தேழில், ஒரு காலையில் பெட்ரீசியா இமை வீங்கி எழுந்தாள். ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று தைலம் தடவினார்கள். நான்கு நாளில் முகம், வயிறு, கால் எல்லாம் வீங்கிவிட்டன. ஈப்போவில் மருத்துவமனையில் ஆறு வாரம் கிடந்தாள். உடம்பில் தங்கவேண்டிய சத்து சிறுநீரகத்தின் வழியே ஒழுகிப்போகிறது என்றார் மருத்துவர். மாத்திரையில் நோய் அடங்கியது, ஒரு வருடத்தில் திரும்பியது, மறுபடியும் அடங்கியது. மூன்றாம் தடவை வந்தால் கோலாலம்பூருக்கு அனுப்பி, முதுகில் ஊசி இறக்கிச் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டும். அதன்பிறகு என்னவென்று இப்போது சொல்லமுடியாது. மருத்துவர் இவ்வளவுதான் சொன்னார். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பையனை அப்படித்தான் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனார்கள். மறுவாரம் அந்தக் கட்டிலில் வேறொரு குழந்தை இருந்தது. பையன் என்ன ஆனான் என்று ஆம்புரோஸ் யாரிடமும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அதனால்தான் தினமும் இந்தச் சோதனை. மூன்று காலை தொடர்ந்து வெள்ளை நின்றால் அன்றைக்கே பிள்ளையைக் கொண்டுவரவேண்டும் என்பது மருத்துவமனையின் கட்டளை.

சளி பிடித்தால் நோய் திரும்பும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே வாசற்படியில் இன்னொரு சோதனை. யார் வந்தாலும் ஆம்புரோஸ் குறுக்கே நின்று, "சளி இருக்கா? தும்மல்?" என்று கேட்பார். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் எனக்கும் விலக்கு இல்லை. சென்ற மாதம் வீடு சந்திக்க வந்த பங்குச்சாமியார் வாசலில் ஒரே ஒரு தடவை செருமினார். "சாமி, ஒரு நிமிசம்," என்று ஆம்புரோஸ் கையை நீட்டி மறித்துவிட்டார். சாமியார் நல்ல மனிதர். வெளியே நின்றபடி சன்னல் வழியாகக் குழந்தைக்குச் சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

டோரிஸுக்கு மானம் போயிற்று. "சாமியாரையே ரோட்டுல நிக்க வச்ச ஒரே ஆளு நீங்கதான். தெரிஞ்சுக்கிடுங்க."

"ஆசீர்வாதம் சன்னல் வழியா உள்ள வரும். சளியும்தான் வரும். எது முந்தும்னு எனக்கு எப்படித் தெரியும், நீ சொல்லு?"

பெட்ரீசியாவின் முகம் மாத்திரையால் உருண்டு போயிருக்கிறது. உப்பில்லாத சோற்றை அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறாள். அக்கம்பக்கத்தில் நெத்திலி சம்பல் வதக்கினால் எழுந்துபோய்ச் சன்னலருகே நின்று மூக்கால் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். பள்ளிக்குப் போகும் நாட்களில் பிள்ளைகள் அவளைப் 'பாவ்' என்று கூப்பிடுகிறார்கள், சீனன் கடையில் ஆவியில் வேகும் அந்த வெள்ளை ரொட்டிதான். அவள் அழுவதில்லை. "பாவ்னா உள்ளுக்குள்ள கோழி இருக்கும். ஒன் மண்டைக்குள்ள என்னா இருக்கு?" என்று திருப்பிக் கேட்கிறாள். இதை என்னிடம் சொல்லும்போது ஆம்புரோஸ் முகமெல்லாம் சிரித்தார். சொல்லி முடித்ததும் எழுந்துபோய், அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

மருத்துவமனை கொடுத்த ஆங்கிலத் தாளை முதலில் வாசித்துச் சொன்னவன் நான். சூடாக்கியபின் வெண்மை தெரிந்தால் மூன்று சொட்டு ஆசிட் விடவும் என்று அதில் இருந்தது. கூடவே சின்ன பாட்டிலில் ஆசிட்டும் கொடுத்திருந்தார்கள். காடி மாதிரியான வலுக்குறைந்த ஆசிட்தான். ஆம்புரோஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாட்டில் நேரே வீட்டு ஜெபப் பீடத்துக்குப் போய், குழந்தை இயேசு சுரூபத்தின் பின்னால் ஒளிந்துகொண்டது. ஒன்றரை வருடம் அதன் மூடியை யாரும் திறக்கவில்லை.

காரணம் கடந்த மார்ச் மாதம்தான் தெரிந்தது. மூன்று காலை தொடர்ந்து குழாய் வெளுத்தது. மூன்றாம் நாள் முதல் பஸ்ஸில், துணி மூட்டையும் ஜெபமாலையுமாக மூவரும் ஈப்போவுக்கு ஓடினார்கள். வார்டில் இருந்த மிசி, மங்களம் என்ற தமிழ்த் தாதி, முதலில் கேட்ட கேள்வியே அதுதான்.

"ஆசிட்டு விட்டுப் பாத்தீங்களா அண்ணே?"

ஆம்புரோஸ் ஜெபமாலையை விரலில் சுற்றினார்.

"விடலையா? ஏன்?"

"ஆசிட்டு ஊத்துனா ஒறையாத பால் எது மிசி? இருவத்திநாலு வருசமா ஊத்துறேன். நானே ஊத்தி நானே எம்புள்ளைக்கு நோவ வரவழைக்கவா?"

மங்களம் தானே ஒரு குழாயைச் சூடாக்கினார். வெள்ளை எழும்பியது. ஆம்புரோஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மூன்று சொட்டு விழுந்தது. குழாய் கண்ணாடிபோலத் தெளிந்தது. சிறுநீரில் உள்ள சாதாரண உப்புகளும் சூட்டில் வெளுக்கும், ஆசிட் பட்டால் அவை கரைந்துவிடும், சத்து ஒழுகியிருந்தால் மட்டுமே வெள்ளை கரையாமல் நிற்கும் என்று விளக்கிவிட்டு அவர் சொன்னார்: "அண்ணே, இது ரப்பர்ப் பால் இல்ல, ஒங்க புள்ளையோட மூத்திரம். ஸ்டோர் சட்டத்தையெல்லாம் இங்க தூக்கிட்டு வராதீங்க."

வார்டே சிரித்தது. ஆம்புரோஸும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாழ்வாரத்துக்கு வந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாட்டில் பீடத்திலிருந்து இறங்கி அடுப்பு மேடைக்கு வந்தது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே அவர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியில் ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிடலாம். "மொதல்ல ஆசிட்டுக்குப் பயந்தேன் சார்," என்றார் ஒருநாள். "இப்ப அது வுழுந்த பொறகு ஒரு நிமிசம் வருது பாருங்க, அதுக்குப் பயப்படுறேன். ஆசிட்டு பரவால்ல."

ஆகஸ்டில் பெட்ரீசியாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்கான ஞானோபதேசப் பாடம் முழுவதையும் வீட்டிலேயே படித்தாள். சொல்லிக்கொடுக்க வந்த ஹில்டா டீச்சர் வாசற்படிச் சோதனையில் தேறித்தான் ஒவ்வொரு தடவையும் உள்ளே வந்தார். ஈப்போவில் ஒரு தையற்கடையில் வேலை செய்யும் டோரிஸ், வெள்ளைக் கவுனைத் தானே தைத்தார். பக்கவாட்டில் இரண்டு அங்குலத் துணியை உள்ளே மடித்து விட்டிருந்தார். வளர்கிற பிள்ளைக்குத்தானே என்று கேட்டேன். "வளந்தாலும் பிரிக்கலாம்," என்று மட்டும் சொல்லி நூலைப் பல்லால் கடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என் காரில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மாலை ஆம்புரோஸ் வேலியோரம் வந்து நின்றார். லோங்காங் சாக்கடையில் ஓடும் சோப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ரெண்டு நாளாத் தெளியல."

"ஆசிட் விட்டீர்களா?"

"மூணு சொட்டு. நேத்து அஞ்சு சொட்டும் விட்டுப் பாத்தேன். அப்படியே நிக்கிது." குரலைத் தாழ்த்தினார். "டோரிஸுகிட்ட தண்ணின்னு சொல்லிட்டேன். பாப்பாகிட்டயும் அதான்."

"நாளைக்கும் நின்றால்?"

"நாளைக்குப் பூச முடியட்டும் சார். நன்ம வாங்கிரட்டும்." வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் திங்கக்கிழமை பாப்போம். செவ்வாய்க்கெழமை பாப்போம்," என்றார். அவர் நாட்களை அடுக்கிக்கொண்டே போவார் என்று எனக்குத் தோன்றியது. டோரிஸிடம் சொல்லிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தோள்களை உயர்த்திக்கொண்டு திரும்பி நடந்துவிட்டார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் போனபோது பெட்ரீசியா முன்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்று, வாயில் கொண்டை ஊசிகளைக் கவ்விக்கொண்டு, டோரிஸ் அவள் தலையில் வெள்ளை முக்காட்டைக் குத்திக்கொண்டிருந்தார். பசியாறாத வயிறு, நன்மை வாங்கும்வரை ஒன்றும் தின்னக்கூடாது என்று குழந்தை பெருமையாக எனக்குச் சொன்னாள். சமையலறைச் சன்னலில் ஆம்புரோஸின் முதுகு தெரிந்தது. கையில் குழாய். பிய்த்துப்போட்ட பஞ்சுபோல அதற்குள் வெள்ளை மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"தெளிஞ்சிருச்சா?" ஊசிகளுக்கு நடுவிலிருந்து டோரிஸ் கேட்டார்.

"ம்," என்றார். குழாயைக் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மகளின் முன்னால் மண்டியிட்டு, காலில் மாட்டப் புதுச் சப்பாத்தை எடுத்தார்.

சப்பாத்து ஏறவில்லை. வாரைத் தளர்த்திப் பார்த்தார். குதிகாலைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார்.

"போன வாரம் சரியாத்தானே இருந்திச்சு?" என்றார் டோரிஸ், முக்காட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

"அழுத்துங்கப்பா, போயிரும்," என்றாள் பெட்ரீசியா.

ஆம்புரோஸ் சப்பாத்தைத் தரையில் வைத்தார். வார்டில் காலைநேரங்களில் மருத்துவர்கள் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். நீர் கோத்திருந்தால் அழுத்திய இடம் குழியாகவே நிற்கும். வீடு வந்தபின் அவர் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. இப்போது காலுறையைக் கணுக்கால்வரை உருட்டி இறக்கினார். ரேகையழிந்த கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். குழி நின்றது.

"ஐயோ, கூசுதுப்பா," என்று குழந்தை சிரித்தாள்.

"நேரமாச்சு, அங்க என்னா பண்றீங்க? சாமியார் பூசையத் தொடங்கிருவாரு லா," என்றார் டோரிஸ்.

ஆம்புரோஸ் மண்டியிட்டபடியே கையை மேலே நீட்டி, முக்காட்டின் மேலிருந்த டோரிஸின் கையைப் பிடித்தார். விரல்களுக்கிடையே இருந்த ஊசி தரையில் விழுந்தது. டோரிஸைக் குனியவைத்து, அந்தக் கையை மகளின் தோள் வழியாகக் கீழே கொண்டுவந்து, தன் விரல் விட்ட குழியில் மனைவியின் கட்டைவிரலைப் பொருத்தி வைத்தார்.